உலோமா வீட்டு எர்த் கம்பி

ஊருக்குக் கரண்ட் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அது போதாதென்று மெயின் சுவிட்சையும் கீழே இறக்கி, பீஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் எலக்ட்ரீஷியன் ஒக்வுடிலி முற்றத்துக் குழாயடிக்கு வந்தான். ஆனாலும் குழாயில் வைத்த டெஸ்டருக்குள் அந்தச் சின்ன விளக்கு எரிந்தது.

டெஸ்டரைச் சட்டையில் துடைத்தான். உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தான். எரிந்தது. பிரகாசம் ஒன்றும் இல்லை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளி, அவ்வளவுதான். ஹர்மட்டான் காற்று எங்கோ பாலைவனத்துத் தூசியை அள்ளிவந்து ஊர்மேல் கொட்டியிருந்ததால் பிற்பகலிலேயே சூரியன் வெளிறிக் கிடந்தது. நாக்கில் புழுதி, மூக்கில் புழுதி, வெடித்த உதட்டில் ரத்தத்தின் கரிப்பு. எகே சந்தை நாள் என்பதால் தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. ஜெனரேட்டர் சத்தம் எங்கும் கேட்கவில்லை. எங்கோ ஒரு ஆடு கத்தி ஓய்ந்த பிறகு காய்ந்த வாழைச் சருகுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"என்ன சொல்லுது, இன்ஜினியரே?"

அந்த ஊரில் பல்பு மாட்டத் தெரிந்தவனுக்கும் இன்ஜினியர் என்றுதான் பெயர். ஆனால் வீட்டுக்காரர் அனயோ அதை இழுத்துச் சொன்ன விதத்தில் மரியாதையைவிடக் குத்தல்தான் அதிகம். உடாரா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழத்தைப் பிதுக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். லாரி உதிரிபாகம் விற்கிறவர். ஐம்பது வயதுதான் ஆகிறது. மனைவி உலோமா போன இந்தப் பதினான்கு மாதத்தில் பார்க்கிறவர்கள் எழுபது என்பார்கள்.

"டெஸ்டர் பழசு அண்ணே. சும்மாவே மினுக்கும்."

"குழாயத் தொட்டா கை விறுவிறுங்குதுன்னு எம்பொண்ணு சொல்றா. அவ கையும் பழசா?"

ஒக்வுடிலி சிரித்தான். சிரித்தபடியே சமையலறைச் சுவரோரம் இருந்த வெள்ளை டைல்ஸ் மேடையைப் பார்த்துவிடாமல் இருக்கப் பாடுபட்டான். அங்கே அவரவர் வீட்டு மனிதரை அவரவர் முற்றத்தில்தான் புதைப்பார்கள். உலோமா அந்த மேடைக்குக் கீழே இருந்தாள். அவள் மகள் அடாகு, ஒன்பது வயதுக்காரி, சமையலறைப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்டர் பொய் சொல்லும், அது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு வயர் ஓடினாலே போதும், மினுக்கிக் காட்டும். அதனால் மீட்டரை எடுத்தான். எடுத்ததும் நேரே குழாயில் வைத்துவிடவில்லை. முதலில் தன் பைக் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. தொழில் தெரியாதவன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. காலில் ரப்பர் செருப்பு, அதற்குக் கீழே காய்ந்த பலகை, இடது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள். ஒரு கையில் ஏறும் கரண்ட் இன்னொரு கையில் இறங்கினால் வழியில் நெஞ்சு இருக்கிறது அல்லவா? தன் உயிர் விஷயத்தில் அவன் எப்போதுமே கவனக்காரன்தான்.

மரத்தடியில் ஓர் ஆணியை மண்ணில் குத்தி மீட்டரின் ஒரு முனையை அதில் கட்டினான். மறுமுனையைக் குழாயில் வைத்தான்.

நாற்பத்தொன்று.

நாற்பத்தாறு.

நாற்பத்தொன்று.

எண்கள் நிலையாக நிற்காமல் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி ஏறின. மீட்டரைத் திருப்பி வைத்தும் பார்த்தான். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. துணி சோப்பு வாசனை. குழாயடி காய்ந்து வெடித்துக் கிடந்தது. அன்றைக்கு யாரும் அங்கே துவைத்த அடையாளம் இல்லை. உலோமா துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் செத்தாள் என்பது அவனுக்கு உடனே நினைவு வந்தது. நினைவு வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

இந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் அவன்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் எர்த் வேண்டும். எங்காவது கரண்ட் கசிந்தால் அது மனிதர்மேல் பாயாமல் மண்ணுக்குள் இறங்க ஒரு வழி. அதற்காக அனயோ ஒனிட்ஷாவுக்குப் போய் ஆறடிச் செம்புக் கம்பி ஒன்று, நல்ல கம்பியாகப் பார்த்து, தோளில் சுமந்துகொண்டு வந்தார். அந்தக் கம்பி இப்போது ஒக்வுடிலியின் சொந்த வீட்டுப் பின்புறத்தில் இருக்கிறது. அவன் பிள்ளைகள் பயமில்லாமல் குளிக்கிறார்கள். இங்கேயோ எர்த் வயரின் முனையை ஒரு சாண் ஆழத்தில் சுருட்டிப் புதைத்து மேலே சிமெண்ட் பூசிவிட்டான். மண்ணுக்குள் இருப்பதை யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்? நான்கு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது வருடம் தண்ணீர் மோட்டார் பழுதாகிக் கரண்ட் கசிந்தது. இறங்க வழியில்லாத கரண்ட் குழாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது, உலோமா வந்து குழாயைத் திறந்தாள்.

"ஈரக் கையோட போய்த் தொட்டா நான் என்ன பண்ண முடியும்?" என்று சாவு வீட்டிலேயே நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னவன் அவன். அந்தப் பேச்சு ஊரில் ஒட்டிக்கொண்டது. அவள் பிறந்த வீட்டார் மட்டும் நம்பவில்லை, ஒனிட்ஷாவிலிருந்து வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பார்ப்போம் என்றார்கள். அடக்கம் முடிந்த ஞாயிறன்று குடும்பம், பங்காளிகள் எல்லோரும் நன்றிப் பூசைக்குச் சர்ச்சுக்குப் போனார்கள். ஒக்வுடிலி மட்டும் வேறோர் ஆறடி இரும்புக் கம்பியும் சம்மட்டியுமாக இந்தக் காலி முற்றத்துக்குள் நுழைந்தான். அப்போதும் ஹர்மட்டான்தான். செம்மண் பாறையாக இறுகிக் கிடந்தது. நான்கு இடத்தில் அடித்துப் பார்த்தான். கம்பி வளைந்ததே தவிர இறங்கவில்லை. சுவரோரம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது.

அங்கே ஐந்து சம்மட்டி அடியில் கம்பி சுகமாக இறங்கியது. ஆறாவது அடியில் 'டொக்' என்று மரத்தில் முட்டியது. அவன் சர்ச் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு ஏழாவது அடி அடித்தான்.

ஒனிட்ஷாக்காரர் வந்தார். மேட்டில் துருத்திய கம்பியையும் அதில் முடுக்கியிருந்த பச்சை வயரையும் பார்த்தார், மீட்டர் வைத்தார். இப்படி ஒரு நல்ல எர்த்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அதோடு பேச்சு முடிந்தது. உலோமா தன் கவனக்குறைவால் செத்தாள் என்று பிறந்த வீட்டாரே ஒப்புக்கொண்டு தலைகுனிந்து போனார்கள். பிறகு மேடை கட்டினார்கள். கம்பியின் தலை டைல்ஸுக்கு நடுவே வெளியே நின்றது. வறட்சிக் காலத்தில் எர்த் காய்ந்துபோகாமல் இருக்க உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வது அங்கே எல்லா எலக்ட்ரீஷியன்களுக்கும் வழக்கம். இவனும் வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனான்.

"அடாகுதான் ஊத்துறா," என்றார் அனயோ, அவன் மனதுக்குள் எட்டிப் பார்த்தவர்போல. "தினம் சாயந்தரம் ஒரு வாளி. நீங்க சொன்ன மாதிரியே உப்புப் போட்டு."

ஒக்வுடிலி வீட்டுக்குள் போய் மெயின் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருட்டு. பல்லி ஒன்று ஓடியது. மெயின் இறங்கித்தான் இருந்தது. மண்ணிலிருந்து வருகிற பச்சை எர்த் வயரை இடுக்கியால் தனியே கழற்றி, வீட்டுப் பக்கத்தை முதலில் அளந்தான். சைபர். குழாய், சுவர், பிளக்குகள், எல்லாம் சைபர். வீட்டுக்குள் ஒரு பழுதும் இல்லை. பிறகு மீட்டர் முனையைத் தொங்கிக்கொண்டிருந்த பச்சை வயரில் வைத்தான்.

தொண்ணூறு.

வீட்டுப் பக்கம் செத்திருந்தது. மண் பக்கம் உயிரோடு இருந்தது.

முதுகுத்தண்டில் வியர்வை இறங்கியது. அந்தக் காற்றில் யாருக்கும் வியர்ப்பதில்லை.

வெளியே வந்தபோது குரலைச் சரிசெய்துகொண்டுதான் வந்தான். "பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் அண்ணே. அங்கேருந்து மண்ணு வழியா வருது."

"அத அவங்க வித்து மூணு மாசம் ஆச்சு."

"அப்போ வேற யாராவது வெச்சிருப்பாங்க. நான் எர்த் வயரைக் கழட்டி விட்டுட்டேன், இனிமே குழாய்ல ஷாக் அடிக்காது. இப்படியே இருக்கட்டும். எர்த் இல்லாம எத்தனையோ வீடு ஓடுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அனயோ பழத்தைக் கீழே வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனையோ வீடு ஓடுது," என்று திருப்பிச் சொன்னார். "தம்பி, அந்தக் கம்பிய எப்ப அடிச்சீங்க?"

"வீடு கட்டுனப்பவே அண்ணே."

"குழி வெட்டுனது எங்க பங்காளி வீட்டுப் பசங்க. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தவன் நான். அங்க கம்பியே இல்லையே."

எலும்பு வரைக்கும் காயவைக்கிற காற்று வீசியது. சோப்பு வாசனை அதோடு போகவில்லை. இன்னும் நெருங்கி வந்திருந்தது.

"நான் போலீசுக்குப் போகல," என்றார் அனயோ. சத்தமே போடவில்லை. "போறதா இருந்தா போன வருஷமே போயிருப்பேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அவ பொறந்த வீட்டுல இன்னிக்கும் அவளக் கவனமில்லாதவன்னுதான் பேசுறாங்க. இந்தப் பொண்ணும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கா. தப்பு யாருதுன்னு இங்க நின்னு, அவ இருக்குற எடத்தப் பாத்து, ஒரு தடவ சொல்லுங்க. சொல்லிட்டுப் போயிட்டே இருங்க. நான் ஒங்களத் தொடமாட்டேன்."

அப்போது அடாகு படியிலிருந்து எழுந்து வந்தாள். அவள் கேட்டதில் கோபம் இல்லை, கணக்கில் சந்தேகம் கேட்கிற பிள்ளையைப் போலத்தான் கேட்டாள்.

"மாமா, ஈரக் கையோட தொட்டதாலதான் எங்கம்மா செத்துப்போச்சா?"

ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்து 'இல்லம்மா' என்று சொன்னால் தீர்ந்தது. ஒக்வுடிலி தன் பெயரை நினைத்தான், புதிதாகப் பிடித்திருந்த மூன்று வீட்டு வேலையை நினைத்தான், சந்தையில் ஆட்கள் தன்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்தான்.

"ஆமாம்மா," என்றான். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

வாழைச் சருகுகளின் சத்தம் நின்றுவிட்டது. அனயோ தலையை ஆட்டிக்கொண்டார், கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தவரைப் போல.

"சரி. போறப்போ அந்தக் கம்பியப் புடுங்கி எடுத்துக்கிட்டுப் போங்க. அது அவமேல இருக்க வேணாம்."

இதில்தான் அவன் ஏமாந்தான். அந்தக் கம்பி ஒன்றுதான் சாட்சி. அதுவும் போய்விட்டால் நாளைக்கு யார் வந்து தோண்டினாலும் மண்தான் இருக்கும். பயத்துக்கு நடுவிலும் அவனுக்கு உள்ளூரக் குஷியாகத்தான் இருந்தது.

மேடைக்கருகே பலகையைப் போட்டு மண்டியிட்டான். இடது கை பைக்குள். சூரியன் இருந்த இடம் செங்கல் நிறமாகியிருந்தது. டைல்ஸ் குளிர்ந்து கிடந்தது. பகல் முழுக்கக் காய்ந்த டைல்ஸ் அப்படிக் குளிர்ந்திருக்கக் கூடாது. கம்பியின் தலையைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. இடுக்கியால் திருகைத் தளர்த்தி வயரைக் கழற்றினான். வயர் ஒரு பக்கம் விழுந்தது.

இப்போது அது வெறும் கம்பி. எதோடும் சேராத கம்பி. மண்ணில் நிற்கிற இரும்புத் துண்டு.

டெஸ்டரை வைத்தான்.

எரிந்தது. துளியாக இல்லை. டெஸ்டரின் கைப்பிடி முழுக்க வெளிச்சமாக எரிந்தது.

அவன் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். அனயோ பார்த்துக்கொண்டிருந்தார். அடாகு பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தது தெரிந்துவிடக் கூடாது. ரப்பர் கைப்பிடி போட்ட இடுக்கியால் கம்பியைக் கவ்வினான். இழுத்தான்.

வந்தது.

ஆறடிக் கம்பி. பதினான்கு மாதம் மண் பிடித்த கம்பி. வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வந்தது. ஒரு சாண். இரண்டு சாண். ஈரமாக இருந்தது. மர நார் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, கம்பியைச் சுற்றி, அவளுக்கு உடுத்தி அடக்கம் செய்த வெள்ளை லேஸ் துணியின் நூல்.

அவன் இழுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கை சும்மா இருந்தது. கம்பி தானாக மேலே வந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து யாரோ ஏற்றிக் கொடுக்கிறார்கள்.

பிறகு நின்றது.

பிறகு கீழே சுண்டி இழுக்கப்பட்டது.

இடுக்கி தெறித்தது. கை தவறியது. ஐந்து விரலும் வெறும் கம்பிமேல் விழுந்து மூடிக்கொண்டன.

வலி இல்லை. அதுதான் முதலில் தோன்றியது. வலியே இல்லை. விரல்கள் மட்டும் அவனுடையவையாக இல்லை. திறக்கச் சொன்னான். திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. பல்லும் பல்லும் நெரிந்தன. கம்பிக்கு மறுமுனையில், மண்ணுக்கு அடியில், இன்னொரு பிடி இருந்தது. அதை அவனால் உணர முடிந்தது. வழுக்கியது. சோப்பு வழுக்கல். வழுக்கி, மறுபடி பிடித்து, ஒரு பிடி மேலே ஏறியது.

அவனுக்குப் பின்னால் வீட்டில் விளக்குகள் எரிந்தன.

எல்லா விளக்கும். முன் அறை, சமையலறை, வாசல், கூரையடி. மெயின் இறங்கியிருந்தது. பீஸ் கட்டைகள் அவன் சட்டைப் பையில் இருந்தன.

"கரண்ட் வந்துருச்சே!"

தெருமுனையில் சந்தையிலிருந்து திரும்பிய கூட்டம் கத்தியது. குழந்தைகள் கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவரவர் வீட்டுக்குள் ஓடி சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்து, இந்த வீட்டுக்கே வந்தார்கள். ஒன்பது நாளாகச் செத்துக் கிடந்த போன்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணே, ஒங்க வீட்டுக்கு மட்டும் எப்படி?"

"இன்ஜினியர் வந்திருக்காருல்ல," என்றார் அனயோ. உள்ளே போய்ப் பிளக் பலகைகளை எடுத்து வந்து வாசலில் போட்டார்.

"யோவ் இன்ஜினியரு, அப்படியே எங்க வீட்டுக்கும் வந்து ஒரு கை போட்டுட்டுப் போயேன்!" ஒருத்தி கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் திரும்பவில்லை. வேலை மும்முரத்தில் இருக்கிறான் என்று விட்டுவிட்டார்கள்.

அவன் கத்திக்கொண்டுதான் இருந்தான். சத்தம் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. உதவி கேட்டு உடம்பை ஒருமுறை முறுக்கினான். அவன் முறுக்கிய அந்த நொடியில் வீட்டு விளக்குகள் எல்லாம் பளிச்சென்று கூடுதலாக எரிந்தன. கூட்டம் கைதட்டியது.

அவனுக்கு நேர் எதிரே அடாகு மட்டும் நின்றாள். அவள் சிரிக்கவில்லை, கைதட்டவில்லை. அவனுடைய கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மேடையைத் தொட்டு, "அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். பயமில்லாமல் கூப்பிட்டாள்.

கம்பி இறங்கத் தொடங்கியது.

வாசலில் போன்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று மணியடித்தன. யாரோ பாட்டு வைத்தார்கள். வறுத்த நிலக்கடலை கைமாறியது. வெளிச்சம் ஆடாமல் அசையாமல் நின்றது. சுவரோரம் ஒக்வுடிலி மண்டியிட்டு, டைல்ஸில் கன்னத்தைப் பதித்து, கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். வலது கை முழங்கைவரைக்கும் உள்ளே போயிருந்தது. கம்பி நின்ற துளை இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். தோள் மெல்ல, அவசரமே இல்லாமல், அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.